சரிபாதிக் காற்று

முதல் அடி பூட்டுக்காக விழுந்தது.

கண்டரமாணிக்கத்தில் அந்த வீட்டின் தலைவாசலில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்று வள்ளியப்பனுடையது. மற்றது அவருடைய சித்தப்பா மகன் சோமுவுடையது. வீட்டுக்காகப் பதினொரு வருடமாகப் பங்கு வழக்கு நடக்கிறது. இருவரும் சேர்ந்து வந்து நின்றால்தான் கதவு திறக்கும் என்பது ஏற்பாடு. வள்ளியப்பனின் பூட்டு நேற்றுத்தான் எண்ணெய் விட்டதுபோல உடனே வாயைத் திறந்தது. சோமுவின் சாவி துருவில் சிக்கித் திரும்பவே இல்லை. வள்ளியப்பன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தள்ளுடா, நான் பாத்துக்கிறேன்" என்று குனிந்து ஒரு கல்லை எடுத்தார். கல் பூட்டைத் தொடுவதற்குள் சோமுவின் புறங்கை அவர் வாயில் விழுந்தது. வெள்ளைச் சட்டையில் மூன்று சொட்டு ரத்தம்.

"என் பூட்டு மேல கை வைப்பியா? பூட்டையே விட மாட்டேங்கிறவன் உள்ள இருந்ததையா விட்டுவச்சிருப்ப?"

வள்ளியப்பன் கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீகம்மா. இவன் சின்னதுல இருந்தே இப்படித்தான்."

 கை சதையில் விழும் சத்தம் எனக்குள் எந்த இடத்தில் போய் உட்காரும் என்று எனக்கு ஆறு வயதிலிருந்தே தெரியும். அங்கேதான் போய் உட்கார்ந்தது.

தண்ணீருக்கு அடியில் படம் எடுப்பது என் தொழில். காரைக்குடியில் வீடு. கானாடுகாத்தான் பக்கத்து ஓட்டல்களின் நீச்சல் குளங்களில் கல்யாணத்துக்கு முந்தைய படங்கள் எடுப்பேன். பட்டுப்புடவை தண்ணீரில் விரிய, மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருக்கப் படாத பாடு படுவார். என் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருப்பவள் ஹசீனா, என் வீட்டுக்காரரின் தங்கை. அவர் தோகாவில் இருக்கிறார். வீட்டில் நானும் ஹசீனாவும் மட்டும்தான். எனக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கயிற்றின் இழுப்பை வைத்தே சொல்லிவிடுவாள்.

நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர், வக்கீல் அனுசுயா, என்னைத் தேடி வந்த காரணம் இதுதான். அந்த வீட்டின் சாமான் அறையிலிருந்த வெண்கலமும் பித்தளையும் காணாமல் போயிருந்தன. எல்லாம் பின்தோட்டத்துப் படிக்கிணற்றில் கிடக்கிறது என்பதில் பங்காளிகள் இருவருக்கும் சந்தேகம் இல்லை. பின்சுவர் ஏறிக் குதித்து அதைச் செய்தது மற்றவன்தான் என்பதிலும் சந்தேகம் இல்லை. எனக்குக் கிடைக்காதது உனக்கும் கிடைக்கக் கூடாது என்கிற ஆத்திரம் ஒருவனுக்கு இருந்திருக்கிறது. எவனுக்கு என்பதுதான் கேள்வி.

அதற்குப் பாத்திரங்களே பதில் சொல்லும். இந்தப் பங்காளிகளின் சமூகத்துப் பெண்கள் கல்யாணத்தில் கொண்டுவரும் ஒவ்வொரு பாத்திரத்திலும், கரண்டி வரைக்கும், விலாசம் வெட்டியிருக்கும். தகப்பன் பெயரின் முதலெழுத்து, பிறகு பெண்ணின் எழுத்து. வள்ளியப்பனின் தாயார் சீதை ஆச்சி கொண்டுவந்தவற்றில் 'மெ. சீ.' சோமுவின் தாயார் உமையாள் ஆச்சி கொண்டுவந்தவற்றில் 'பழ. உ.' கிணற்றுக்குள் கிடப்பது யாருடைய தாயின் சாமானோ, அவருடைய எதிராளிதான் போட்டவன்.

"எதையும் தொடக் கூடாது, தூக்கக் கூடாது" என்றார் அனுசுயா. "கெடக்குற எடத்துல கெடக்குறபடி படம் வேணும். எழுத்து தெரியணும்."

எழுத்து தெரிய வேண்டுமென்றால் சேறு படிய வேண்டும். கிணற்றில் தண்ணீர் இரண்டாள் ஆழம்தான். ஆனால் ஒரு முறை காலை உதைத்தால் கிளம்பும் கலங்கல் அடங்க முக்கால் மணி நேரம் ஆகும். ஏறி இறங்கிக் காற்றுச் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு எழுத்துகூடப் படத்தில் விழாது. ஒரே இறக்கமாக இறங்கி, கல் போலக் கிடந்து, மூன்று மணி நேரம் இருந்தாக வேண்டும். ஒரு சிலிண்டர் எனக்கு ஒன்றரை மணி நேரம் வரும். அதனால் இரண்டை வாடகைக்கு எடுத்து, மேலே படியில் நிறுத்தி, ஒன்றோடொன்று குழாயால் இணைத்து, அங்கிருந்து ஒரே நீளக் குழாய் என் வாய்க்கு வருகிற மாதிரி செய்தேன். குளங்களில் பல முறை செய்திருக்கிறேன். அதில் ஒரு சிக்கலும் வந்ததில்லை.

சிக்கல் சிலிண்டர் வாடகையில் வந்தது. ஒருவன் எடுத்த சிலிண்டரில் மற்றவனுக்கு நம்பிக்கை இல்லை. "அவன் உள்ள என்னத்த அடச்சிருப்பானோ" என்று இருவருமே தனித்தனியாக எனக்குப் போன் செய்தார்கள். கடைசியில் ஆளுக்கொன்று என்று அனுசுயா முடிவு சொன்னார். கடற்கரையில் இருக்கும் கடையிலிருந்து இரண்டையும் நான்தான் கொண்டுவந்தேன். எண்ணெய் விட்டுச் சோமுவின் பூட்டு திறந்ததும், பின்தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். இறக்கி வைத்ததும் சோமு சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து ஒன்றின் மேல் 'சோ' என்று எழுதினார். வள்ளியப்பன் அதே சாக்பீஸைக் கேட்டார். சோமு கொடுக்கவில்லை. அவர் தன்னுடையதில் விபூதியைக் குழைத்து 'வ' என்று எழுதினார்.

கிணறு அகலமானது. ஒரு பக்கம் கருங்கல் படிகள் தண்ணீர் வரை இறங்கின. தண்ணீரை ஒட்டிய அகலமான படியில், இடது பக்கம் 'வ', வலது பக்கம் 'சோ', நடுவில் ஹசீனா. நான் இணைப்புக் குழாயை மாட்டி, ஸ்பேனரால் இறுக்கி, காற்றின் அழுத்தத்தை அளந்து பார்த்தேன். 'வ' இருநூறு காட்டியது. 'சோ' நூற்றெண்பது. இரண்டு வால்வையும் மெதுவாகத் திறந்தேன். குழாய்க்குள் உஸ்ஸென்று ஒரு சத்தம், நீளமாக.

"என்னம்மா சத்தம்?" என்றார் வள்ளியப்பன்.

"கூட இருக்கிறதுல இருந்து கொறச்சலா இருக்கிறதுக்குக் காத்து போகுதுங்க. ரெண்டும் ஒரே அளவாகிற வரைக்கும் போகும்."

அவர் முகம் மாறியது. "என் காத்து அவன் சிலிண்டருக்குப் போகுதா?"

சோமு தொடையில் அடித்துச் சிரித்தார். "பாத்தியாண்ணே? நீ குடுக்க மாட்டேன்னாலும் அதுவா வருது. நியாயம் தெரிஞ்ச காத்து."

"பத்துப் புள்ளி போயிருச்சே. நிப்பாட்டுங்கம்மா."

"நிப்பாட்ட முடியாதுங்க. சேத்தாச்சுன்னா ஒண்ணுதான். மேல ரெண்டு வால்வும் தெறந்தே இருக்கணும். யாரும் தொடக் கூடாது. அத மட்டும் மனசுல வச்சுக்கங்க."

"சேத்தாச்சுன்னா ஒண்ணுதானாம்" என்று சோமு அதை மெல்லுவதுபோலத் திருப்பிச் சொன்னார். "கோர்ட்டுலயும் இதத்தான நான் சொல்றேன்?"

வள்ளியப்பன், வெயில் படுகிறது என்று தன் சிலிண்டரின் தலையில் ஈரத்துண்டை விரித்துப் போட்டார். அதன் பக்கத்தில், ஒரு நோயாளியின் தலைமாட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்தார். சோமு தன் சிலிண்டரின் மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டார். அனுசுயாவின் போனுக்கு அங்கே சிக்னல் கிடைக்கவில்லை. வேறொரு வழக்கு விஷயமாகப் பேச வேண்டியிருந்ததால், முன்கட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று நடந்தார்.

ஹசீனா என் இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். "மதினி, இவுக ரெண்டு பேருக்கும் நடுவுல என்னய உக்கார வச்சுட்டுப் போறீகளே. மூணு மணி நேரம்!"

"கயித்த மட்டும் பாரு. இவங்கள பாக்காத."

"ஒரு ஓரத்துல கரண்டு கம்பி, இன்னொரு ஓரத்துலயும் கரண்டு கம்பி. நான் துணியா காயப் போறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே முடிச்சை இறுக்கினாள்.

நான் இறங்கினேன்.

கீழே போனதும் முதலில் குறைவது மனிதர்களின் சத்தம். அதற்காகவே நான் இந்தத் தொழிலுக்கு வந்தேனோ என்று பல முறை நினைத்திருக்கிறேன். எங்கள் வாப்பா அல்லாபிச்சை நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். வீட்டுக்குள் அண்ணன் முஜிபுர் ரகுமானைச் சைக்கிள் டியூப்பால் அடிப்பார். காரணம் எதுவாகவும் இருக்கலாம். டியூப் முதுகில் விழும் சத்தம் ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல இருக்கும். உம்மா பாத்திமுத்து என் வாயைப் பொத்தி, "மூச்சு விடக் கூடாது" என்பாள். நான் கொல்லைப்புறத் தொட்டிக்கு ஓடிப்போய்த் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொள்வேன். உள்ளே அந்தச் சத்தம் கேட்காது. மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணுவேன். நாற்பது, ஐம்பது. தலையை வெளியே எடுக்கும்போது பெரும்பாலும் முடிந்திருக்கும்.

பிறகு, பெரியவளாகி, கடலில் பயிற்சி எடுத்தபோது சொல்லிக் கொடுத்தவர் முதல் நாள் சொன்ன முதல் விஷயம், கீழே ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது என்பது. சிலிண்டர் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அடக்கியபடி மேலே வந்தால், அந்தக் காற்று நெஞ்சுக்குள் விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். இரண்டாள் ஆழம் அதற்குப் போதும். இருபது வருடம் பழகியதை மறந்து, மூச்சு விடக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது.

கை ஓங்குகிறவர்களில் நல்லவர் கெட்டவர் என்று பிரிக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியாது. கை ஓங்குகிறவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பேருந்தில் இடித்தவனைக்கூட நான் திட்டியதில்லை. பொறுமைசாலி என்று வீட்டில் பெயர். அந்தப் பெயரின் மேல் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

கிணற்றின் அடியில், என்றோ இடிந்த கொட்டகையின் நான்கு தேக்குத் தூண்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. அவற்றின் இடுக்குகளில் அண்டா, தவலை, குடம், குத்துவிளக்கு. எல்லாவற்றின் மேலும் பச்சையாகப் பாசி. நான் ஈயக்கட்டிகளின் கனத்தில் மெல்லப் படிந்து, குப்புறக் கிடந்து, கலங்கல் அடங்கக் காத்திருந்தேன். என் மூச்சுக் குமிழிகள் மேலே போகிற சத்தம் மட்டும். முக்கால் மணி நேரம் கழித்து முதல் எழுத்து தெரிந்தது. ஒரு தவலையின் கழுத்தில், புள்ளி புள்ளியாக உளியால் தட்டியது. மெ. சீ.

படம் எடுத்தேன். ஒரு சாண் நகர்ந்தேன். அடுத்தது மெ. சீ. அடுத்ததும். குத்துவிளக்கின் பாதத்தில், அண்டாவின் காதுக்குக் கீழே, ஒரு சின்னஞ்சிறு எண்ணெய்க் கிண்ணத்தில்கூட. மெ. சீ., மெ. சீ. பதினேழு படம் எடுத்தேன். சோமுவின் தாயாருடைய எழுத்து ஒன்றுகூட இல்லை.

அப்படியென்றால் சோமுதான். காலையில் பார்த்த அந்தப் புறங்கையும் மூன்று சொட்டு ரத்தமும் நினைவுக்கு வந்தன. ஒரு தாய் கல்யாணப் பெண்ணாக வந்தபோது தலையில் சுமந்து வந்ததையெல்லாம் இருட்டில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டிருக்கிறான். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அத்தனை நேரமும் கை ஓயாமல் எப்படி? எனக்கு அவனைப் பார்க்க வேண்டும் போல, பார்த்து ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. அது என்ன என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. தூண்களுக்கு அடியில் இன்னும் நிறையக் கிடந்தது. கழுத்து வாரில் தொங்கிய கேமராவை முன்னால் நீட்டிக்கொண்டு, தோள்வரை இடுக்குக்குள் நுழைந்தேன்.

அப்போது ஒரு மூச்சு கனமாக வந்தது.

குழாய் எங்காவது மடங்கியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த மூச்சு அதைவிடக் கனம், தடித்த துணி வழியாக இழுப்பது போல. மூன்றாவதில் ஒன்றுமே வரவில்லை. வாய்க்குள் ரப்பர் என் பல்லோடு ஒட்டிக்கொண்டது. இழுக்கிறேன், வரவில்லை. அந்த நேரத்தில்தான் மேலே ஏதோ தொம்மென்று விழுந்த சத்தம் தண்ணீர் வழியாக என் விலாவில் மோதியது. கயிறு ஒரு முறை வெட்டி இழுத்தது. பிறகு தொய்ந்தது.

கயிற்றை நான்கு முறை இழுத்தேன். தூக்கு என்று அர்த்தம். கையோடு வந்துகொண்டே இருந்தது, மறுமுனையில் யாருமில்லை.

பின்னால் நகர்ந்தேன். ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட் தூணில் மாட்டிக்கொண்டது. கலங்கல் கிளம்பி என் கையே எனக்குத் தெரியவில்லை. நெஞ்சு தானாகத் துடிக்க ஆரம்பித்தது, தரையில் போட்ட மீன் துடிப்பது போல. பெல்ட்டின் கொக்கியைத் தேடினேன். ஒரு விரல் பட்டது, வழுக்கியது. உம்மாவின் கை வாயைப் பொத்தியிருப்பது போலவே இருந்தது. ஆறு வயதின் எண்ணிக்கை தானாகத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்தொன்றில் கொக்கி விட்டது. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுக் காலால் உதைத்தேன்.

மேலே போகும்போது உடம்பு முழுக்க ஒரே வார்த்தையைக் கத்தியது: அடக்கு. இருக்கிற கொஞ்சத்தையும் விடாதே. நான் ஆவென்று வாயைத் திறந்து, இருந்த கொஞ்சத்தையும் விட்டுக்கொண்டே போனேன். அந்தச் சில விநாடிகளில் எனக்கு மரண பயம் இருந்ததா என்று பிறகு பலர் கேட்டார்கள். பயம் இல்லை. அதன் இடத்தில் வேறொன்று இருந்தது. அதற்கு ஒரு முகமும் இருந்தது.

தண்ணீரைக் கிழித்து வெளியே வந்தபோது படி எனக்கு ஒரு கை தூரத்தில். ஹசீனா படியின் விளிம்பில் ஒருக்களித்துக் கிடந்தாள். நெற்றியிலிருந்து ரத்தம் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வள்ளியப்பன் அதற்கு மேல் படியில் மல்லாந்து விழுந்து, சட்டை கிழிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சோமு முழங்காலில் இருந்தார். அவருடைய வலது கை தன் சிலிண்டரின் வால்வின் மேல் இருந்தது.

ஸ்பேனர் என் மணிக்கட்டில் ஒரு வாரில் தொங்கும், எப்போதும். அது கைக்குள் எப்போது வந்தது என்று தெரியாது. இடது கையால் படியைப் பிடித்து எழும்பி, வால்வின் மேலிருந்த விரல்களின் மேல் இறக்கினேன். எலும்பு உடையும் சத்தம் இரும்போடு சேர்ந்து கேட்டது. சோமு அலறினார். கையை எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை போல. மறுபடியும் இறக்கினேன். கை நழுவி விழுந்தது. படியில் கிடந்த அந்தக் கையின் மேல் மூன்றாவது முறையும் இறக்கினேன்.

முதல் அடி மூச்சுக்காக என்று என்னால் சொல்ல முடியும். இரண்டாவதும்கூட. மூன்றாவதின்போது எனக்கு மூச்சு வந்துவிட்டிருந்தது. கிணறு நிறைய, வானம் நிறையக் காற்று. நான் நன்றாக இழுத்து, விட்டு, நிதானமாக, குறி பார்த்து அடித்தேன். அதில் ஒரு இதம் இருந்தது. அதைத்தான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"தொறக்கத்தானம்மா தொட்டேன்" என்று சோமு அழுதார். கையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார். "குமிழி நின்னு போச்சு. தொறக்கத்தான் கை வச்சேன்."

"மூடினது யாரு?"

அவர் எதிர்ப்பக்கத்துச் சிலிண்டரைப் பார்த்தார். நான் தண்ணீரிலேயே நகர்ந்து கையை நீட்டி வள்ளியப்பனின் ஈரத்துண்டை இழுத்து எறிந்தேன். வால்வைத் திருப்பிப் பார்த்தேன். இறுக்கமாக மூடியிருந்தது. சோமுவுடையதைத் திருப்பினேன். அதுவும் மூடியிருந்தது.

ஹசீனா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு அவள்தான் சொன்னாள். நான் இறங்கி ஒன்றேகால் மணி நேரம் இருவரும் பேசாமலே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சோமு திடீரென்று, "ஏய், துண்டுக்குள்ள கைய விட்டு என்னடா பண்ற? மூடுறியா?" என்று கத்தினார். வள்ளியப்பன், "நான் ஏன்டா மூடுறேன்? நீ மூடல? முழங்கைய ஊனிக்கிட்டே திருகினத நான் பாக்கலையா?" என்றார். அவன் சிலிண்டர் முதலில் காலியாகட்டும், நம்முடையது மிச்சம் இருக்கட்டும் என்று ஆளுக்கொரு பக்கம் அரை நிமிட இடைவெளியில் மூடியிருக்கிறார்கள். ஒருவன் மூடியது மற்றவனுக்குத் தெரிந்த பிறகும், முதலில் கை வால்வுக்குப் போகவில்லை. கழுத்துக்குப் போனது.

"நான் நடுவுல போயி, 'உள்ள ஆள் இருக்கு, தொறங்க'ன்னு கத்தினேன் மதினி. இந்தா அழுகுறாரே, இந்தாளு என்னய ஒரு தள்ளு தள்ளிட்டு அவரு மேல பாஞ்சாரு. அவரக் கீழ தள்ளி மிதிச்சுட்டுத்தான் வால்வுக்கு வந்தாரு."

வள்ளியப்பன் சட்டையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டு, அதே தணிந்த குரலில், "நான் அடைக்கிறப்ப அவனோடது தெறந்துதாம்மா இருக்கும்னு நெனச்சேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் எனக்கும். மொதல்லயே பத்துப் புள்ளி அவன் பக்கம் போயிருந்துச்சா, அது நேராகட்டும்னு பாத்தேன்" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் நான் படியில் ஏறினேன். அவர் என் கையைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டார், மிட்டாய் திருடிய பிள்ளை மாதிரி.

சோமு அழுகைக்கு நடுவில் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "போடுங்க தாயி. அவனுக்கும் மூணு. பங்குன்னா சரியா இருக்கணும்ல?"

ஸ்பேனர் என் தோளுக்கு மேலே போயிருந்தது.

"என்ன சத்தம் அங்குட்டு?" தோட்டத்து வாசலிலிருந்து அனுசுயாவின் குரல். கையில் போனோடு கிணற்றடிக்கு வந்து எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார். ரத்தம், கிழிந்த சட்டை, சோமுவின் விரல்கள் போயிருந்த விதம். "யாரு... என்ன நடந்துச்சு?"

 கிணற்றுத் தண்ணீர் படியில் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் கையை இறக்கியிருந்தேன்.

"வழுக்கிட்டேன்" என்றார் சோமு. "படியில பாசி."

"ஆமா, பாசிதான்" என்றார் வள்ளியப்பன். "இவனத் தூக்கப் போயி நானும் விழுந்தேன்."

பதினொரு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். வால்வை மூடியது வெளியே வந்தால் அது கொலை முயற்சி என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அனுசுயா என்னைப் பார்த்தார். "நாதியா, நீங்க சொல்லுங்க."

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் மூன்று அடியையும் சொல்ல வேண்டும். மூன்றாவது எதற்கு என்று கேட்பார்கள். மூச்சு உள்ளே போனது. நன்றாகப் போனது. நான் அதை அடக்கிக்கொண்டேன்.

"நான் அடியில இருந்தேன் மேடம். ஏறி வரும்போது எல்லாரும் விழுந்து கெடந்தாங்க."

ஹசீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். 

அனுசுயா குறிப்பெடுத்தார். பதினேழு படம், எல்லாம் மெ. சீ. தூண்களுக்கு அடியில் இன்னும் பார்க்காதவை உண்டு. மறுபடி இறங்க வேண்டியிருக்கும். சிலிண்டர்களின் அளவையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். நான் அளந்து சொன்னேன். 'வ' நூற்றுப் பத்து. 'சோ' நூற்றுப் பத்து.

"சரிபாதி" என்று எழுதினார் அவர். இருவரில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஹசீனாவுக்கு ஐந்து தையல் போட்டார்கள். தையல் போட்ட நர்ஸ், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டாள். ஹசீனா மேசையில் படுத்தபடி கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். நான் சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"பாசி" என்றாள் அவள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின்சீட்டில் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. சாக்பீஸ் அழிந்திருந்தது. விபூதி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கழனிவாசல் தாண்டியதும் ஹசீனா கூப்பிட்டாள்.

"மதினி."

"ம்."

"அந்த வக்கீலம்மா வரலைன்னா, அவரயும் அடிச்சிருப்பீகளா?"

"அடிச்சிருப்பேன்."

அவள் நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அப்ப பாசின்னு சொல்லியிருக்க முடியாது. ஆறு கை ஒடஞ்சிருந்தா எந்தப் பாசியும் நம்பாது."

"ரெண்டு பேருக்கு ஏதுடி ஆறு கை?"

"ஒங்க ரெண்டையும் சேத்துத்தான். அடிச்ச கையும் ஒடஞ்ச கணக்குதான்" என்றாள்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஸ்டியரிங்கின் மேலிருந்த என் வலது கையைப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. ஹசீனா கண்ணாடியை இறக்கிவிட்டுவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டு, நான் பேசுவதற்காகக் காத்திருந்தாள். நான் போனை எடுத்து அனுசுயாவின் எண்ணைத் தேடினேன். அவர் எடுக்கிறவரை, பிடித்து வைத்திருந்த மூச்சை, கொஞ்சம் கொஞ்சமாக, வாயைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தேன்.